முகப்பருவுக்கு நீல மருந்து

என் அப்பா தேயிலைக்கு அடிக்கிற நீல மருந்தை என் முகத்தில் பூசினார். அவருக்குப் புத்தி பேதலித்திருக்கவில்லை. என்மேல் கோபமும் இல்லை. நான் அவருக்கு ஒரே பிள்ளை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரே ஆள் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் செய்த காரியம் என்பதால்தான், இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே இருந்தது. எங்கள் தோட்டம் என்று எழுதிவிட்டேன். அது வெள்ளைக்காரக் கம்பனியின் தோட்டம். நாங்கள் அங்கே வேலை செய்தோம், அவ்வளவுதான். ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மலையில் மருந்தடித்தார். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. எனக்குப் பதினேழு வயது. தினமும் ரயிலேறிப் பதுளைக்குப் போய், எட்டாம் வகுப்புவரை படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

பருவைப் பற்றிச் சொல்கிறேன். பதின்மூன்றாவது வயதில் நெற்றியில் இரண்டு வந்தன. வயசுக்கு வருகிற பிள்ளைக்கு வரும், போகும் என்றாள் அம்மா. வந்தது, போகவில்லை. பதினாறு வயதில் நெற்றி, கன்னம், தாடை என்று இடம் விடாமல் பிடித்துக்கொண்டது. சிலது சிவந்து நிற்கும், சிலது சீழ் வைக்கும், சிலது தோலுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்து வாரக்கணக்கில் வலிக்கும். ரயிலில் என்னோடு வந்த ஒருத்தி, "என்னடி, மொகத்துல மொளகா காய வச்சிருக்க?" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். எங்கள் லயத்துக்காரிதான் அவளும். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பின நான், படிப்பு முடியும்வரை முகத்தை இந்தப் பக்கம் திருப்பவேயில்லை.

நான் செய்த வைத்தியங்களை இன்று நினைத்தால் எனக்கே பகீரென்கிறது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசினேன். பல் விளக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு வைக்கச் சொன்னாள் ஒருத்தி, வைத்தேன். உடம்புச் சூடு என்றார்கள். நிலக்கடலையையும் மாம்பழத்தையும் விட்டேன். பதுளைக் கடைத்தெருவில் போத்தலில் விற்ற வெள்ளை ஸ்நோவை அப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு பரு இரண்டு மடங்காயிற்று. சிவப்பு கார்பாலிக் சோப்பைப் போட்டு ஒரு நாளைக்கு ஏழு தடவை கழுவினேன், பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், கட்டைவிரல் நகம் இரண்டையும் கொடுத்துப் பிதுக்கினேன். என் முகத்துக்கு நான் செய்த கொடுமையை வேறு எவளாவது செய்திருந்தால் அவள் தலைமயிரைப் பிடித்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் வேலை ஒன்று காலியானது. தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். என் பெயரைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லியிருந்தார். துரை கேட்ட ஒரே கேள்வி, அந்தப் பிள்ளையின் முகத்தில் என்ன வியாதி என்பதுதானாம். தோல் வியாதி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். முந்தைய வருஷம் இதே வேலைக்கு வந்த ஒருவரைக் கையில் சொறி இருக்கிறது என்று வாசலோடு அனுப்பியிருந்தார். எனக்குத் தொற்று வியாதி இல்லை என்று பதுளைப் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் கொழுந்து எடுக்க என் பெயரைப் பதிவார்கள். விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் மற்றப் பெண்களோடு வரிசையில் நிற்க வேண்டும், கங்காணி பெயர் கூப்பிடுவார், மலைக்குப் போக வேண்டும். அம்மா எனக்கென்று ஒரு கூடையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அந்த வேலை கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, என்னை வளர்த்ததே அதுதான். ஆனால் எட்டு வருஷம் படித்த எனக்குச் சாக்கட்டி பிடிக்க வேண்டும் என்று ஆசை. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வரும்.

உடனே பதுளைக்குப் போயிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இங்கே நீல மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு நாலைந்து வருஷத்துக்கு முன்பு தேயிலைக்குக் கொப்புள நோய் என்று புதிதாக ஒன்று வந்தது. மழையும் பனியும் மூடிக்கிடக்கிற மாதங்களில் இளங்கொழுந்தில் வட்டம் வட்டமாகப் புடைக்கும், அடியில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு கறுத்து ஓட்டை விழும். தோட்டமே போய்விட்டது என்று துரைமார் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகுதான் செம்பு கலந்த இந்த மருந்துத்தூள் வந்தது. தண்ணீரில் கலக்கி அடித்தார்கள். அடுத்து வந்த கொழுந்து பளபளவென்று வந்தது. அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மலையைக் காட்டி, "நாங்க அடிச்சதுல பொழச்சது" என்பார். அவர் பெருமைப்பட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தவர், மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"இந்தா புள்ள."

"என்னப்பா இது?"

"நீல மருந்து. எலையில கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, இதுலதானே போச்சு? ஒன் மொகத்துக்கும் போயிரும்."

நான் அதிர்ந்து போனேன். மருந்தைப் பார்த்து அல்ல. தோட்டத்து விறகில் ஒரு குச்சியைக்கூடக் கேட்காமல் எடுக்காத மனிதர் அவர். மருந்துக் கிடங்கிலிருந்து எடுத்தது தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அவர் அதை மடியில் கட்டிக்கொண்டு கங்காணிக்கு முன்னாலேயே நடந்து வந்திருக்கிறார்.

அடுத்ததுதான் இதைவிட அதிர்ச்சி. பதுளைவரை போய்ப் படித்தவள், ரயிலில் இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசிப்பவள், நான் அதற்குச் சரி என்றேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது! முதலில் எலுமிச்சம்பழத்தை நானே தேய்த்துக்கொண்டேன். அப்பா தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு பருவாகத் தொட்டு வைத்தார். பிறகு மொத்தமாகப் பூசிவிட்டார். சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது.

"எரியுதுப்பா."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்க புள்ள."

பொறுத்துக்கொண்டேன். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வந்தபோதும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். வாசலில் என்னைப் பார்த்த அம்மா கூடையைப் போட்டுவிட்டு, "அடப்பாவி மனுசா!" என்று கத்தினாள். மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீருக்கு என்னை இழுத்துப்போய்க் கழுவினாள். எண்ணெய் போயிற்று. நீலம் போகவில்லை. தேய்த்தும் கிள்ளியும் நான் உண்டாக்கியிருந்த ஒவ்வொரு புண்ணிலும் அது குடியேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது என் முகம் வீங்கி, வலது கண் மூடியிருந்தது. அம்மாவின் கைக்கண்ணாடியில் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். புடைத்த முகத்தில் நீலப் புள்ளிகள். கத்த வாயைத் திறந்தேன், உதடும் வீங்கியிருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா நெருப்பு வாங்க வந்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஆத்தா! மாரியாத்தா வந்திருக்கா!"

அம்மை என்று நினைத்துவிட்டாள். எங்கள் குளிரில் வேப்பமரம் ஏது? அவளுடைய தம்பி மொனராகலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த காய்ந்த வேப்பிலை ஒரு கட்டு அவளிடம் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து எங்கள் நிலையில் கட்டினாள். அரை மணி நேரத்தில் லயம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வரிசையில் அன்று யாரும் தாளிக்கவில்லை. பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு வந்தார்கள். ரயிலில் மிளகாய் காயவைத்திருக்கிறாயா என்று கேட்டாளே, அவளும் வந்தாள். என் கால்மாட்டில் விழுந்து, "குளுந்து போ தாயே, எங்க மேல கோவம் வேணாம்" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகம் இருந்த நிலையில் இரண்டும் முடியாது.

அம்மாவும் அப்பாவும் மூச்சு விடவில்லை. என்ன சொல்வது? அம்மை இல்லை என்றால் என்னவென்று கேட்பார்கள். அதற்குப் பதில் மருந்துக் கிடங்கில் போய் முடியும்.

திங்கட்கிழமை காலையில் கண்ணோரம் சீழ் பிடித்துவிட்டது. இமையைப் பிரிக்க முடியவில்லை. இனி என் வேலையும் வேண்டாம், தன் வேலையும் வேண்டாம் என்று அப்பா முடிவு செய்திருக்க வேண்டும். தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, "கெளம்பு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"ஆத்தா எறங்கியிருக்கிற வீட்ல மருந்தா? புள்ள கண்ண அவிச்சிராதீங்க அண்ணே!"

"ஆத்தா இல்ல தங்கச்சி."

"பின்ன?"

"நான்தான். கொழுந்துக்கு அடிக்கிற மருந்த எடுத்தாந்து பூசிட்டேன்."

அவள் அப்பாவைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திருடியதற்காக அல்ல, இரண்டு நாள் கும்பிட வைத்துவிட்டு வாய் மூடி இருந்ததற்காக. நிலையிலிருந்த வேப்பிலையை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். போகும்போது, "எங் காதுல ஒன்னும் விழுகல. மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், சூட்டுக்கட்டின்னு" என்றாள். சொன்னபடியே செய்தாள். அவளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பதுளை டாக்டரும் யாழ்ப்பாணத்துக்காரர். என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பூசினனீங்கள், பிள்ளை? உண்மையைச் சொல்லுங்கோ. சொன்னால்தான் கண்ணைக் காப்பாற்றலாம்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கையிலிருந்த பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு, நான் அதுவரை செய்த வைத்தியங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இது நோயே இல்லைப் பிள்ளை. இந்த வயசிலை வாறதுதான். நீங்கள் செய்த வைத்தியம்தான் நோய்."

கண்ணைக் கழுவி மருந்து விட்டார். பருவுக்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சாதாரண சோப்பும் தண்ணீரும். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். புண் ஆறின பிறகு, படுக்கப் போகும்போது கந்தகம் கலந்த மருந்தை மெல்லிசாகத் தடவ வேண்டும். தலையில் எண்ணெய் வைத்தால் அது நெற்றிக்கு இறங்கக் கூடாது. தலையணைத் துணியை அடிக்கடி துவைக்க வேண்டும். நிலக்கடலையும் மாம்பழமும் இஷ்டம்போல் சாப்பிடலாம். "மூண்டு மாசம் பொறுங்கோ. அதுக்குள்ளை மருந்தை மாத்தாதேங்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், முகத்திலை கை வைக்காதேங்கோ" என்றார். நாலு வருஷம் நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா பதில்!

ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. மூன்று மாதத்தில் பாதி அடங்கியது. மீதி என் இருபத்தைந்தாவது வயதுவரை வந்து போய்க்கொண்டிருந்தது. நானும் சோப்பும் கந்தக மருந்துமாக விடாமல் இருந்தேன். குழி விழுந்த இடங்கள் இன்றும் கன்னத்தில் இருக்கின்றன. அவை பருவால் வந்தவை அல்ல, என் நகத்தால் வந்தவை.

அன்றைக்குத் துரைக்கு ஒரு கடிதமும் கேட்டோம். டாக்டர் இங்கிலீஷில் எழுதி மடித்துக் கொடுத்தார். ரயிலில் ஒற்றைக் கண்ணால் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்தப் பிள்ளைக்குத் தொற்று வியாதி எதுவும் இல்லை, இது சாதாரண முகப்பரு என்று முதலில் இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வரியில் நெஞ்சு நின்றுவிட்டது. இப்போதுள்ள வீக்கம் தோட்டத்தில் தேயிலைக்கு அடிக்கும் செம்பு மருந்தை இவருடைய தகப்பனார் வீட்டுக்குக் கொண்டுவந்து பூசியதால் உண்டானது, தொழிலாளர்கள் அதை வெளியே எடுத்துப் போகாதபடி பார்த்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தைப் பாருங்கள்!

"என்ன எழுதியிருக்காரு புள்ள?" என்றார் அப்பா. அவருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது.

"நல்லாத்தான் எழுதியிருக்காருப்பா."

"ஒன்னும் இல்லன்னு எழுதிட்டாருல்ல?"

"ஆமாப்பா."

அவர் சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்போது வேறு கடிதம் எழுதி வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை என் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமையே துரை கூப்பிட்டு அனுப்பினார். நான் வெறுங்கையோடு போனேன். கண் திறந்திருந்தது, முகம் தோல் உரிந்துகொண்டிருந்தது. அப்பா ஆபீஸ் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். துரை நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"இது என்ன வியாதி?"

"பருதானுங்க. வியாதி இல்லிங்க."

"டாக்டர் கடுதாசி எங்கே?"

"இல்லிங்க" என்றேன்.

"அப்போ வேலை இல்லே" என்றார் துரை.

அவ்வளவுதான், கூடைதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வாசலிலிருந்து, "இருக்குங்க தொரைங்களே! இருக்குங்க!" என்று அப்பாவின் குரல். மறதிக்காரி, விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று அன்று காலையில் அவரே என் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்திருக்கிறார். மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பறித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் கை போனது. துரை வாங்கிவிட்டார்.

வாசித்தார். மறுபடி ஒரு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"நீ மருந்து எடுத்ததா?"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க தொரைங்களே."

"இந்தப் புள்ளே மூஞ்சிக்கு?"

"ஆமாங்க."

துரை முகம் சிவந்து எழுந்து நின்றார். வெளியே போ என்று கத்தப் போகிறார், அன்றைக்கே லயத்தைக் காலி செய்யப் போகிறோம் என்று நான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "நாளைலேருந்து நீ மருந்து இல்லே. கான் வெட்டு" என்றார். என்னிடம், "ஒன்னாந்தேதி இஸ்கூல்" என்றார். மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை உள்ளே போட்டு மூடிவிட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. அப்பாவின் மருந்து டப்பா போய்விட்டது. மழைத் தண்ணீர் ஓடுகிற கானை வெட்டிச் சுத்தம் செய்கிற வேலை இனி அவருக்கு. மலையைக் காட்டிப் பெருமை பேச ஒன்றும் இல்லை.

லயத்துக்குப் போகிற பாதையில் பாதித் தூரம் வந்ததும் அவர் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நான் மருந்து எடுத்தத அதுல எழுதியிருந்துச்சா புள்ள?"

"எழுதியிருந்துச்சுப்பா."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரயில்லயே தெரியும்."

அவர் நின்றார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நானும் நின்றேன்.

"நல்ல வேள, நீ சொல்லல" என்றார். "தெரிஞ்சிருந்தா பயந்துகிட்டுக் குடுத்திருக்க மாட்டேன். ஒன் வேல போயிருக்கும்."

என்னால் அடக்க முடியவில்லை. நடுப்பாதையில் நின்று அழுதேன், இரண்டு கையாலும் கண்ணையும் கன்னத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"மொகத்துல கைய வைக்காத புள்ள," என்றார். "டாக்டர் சொன்னாருல்ல."